வேலப்பாடியில் பழைய வீட்டைச் செப்பனிட்டுத் திறந்திருக்கும் உணவகம்: போனவர்கள் வாங்க, பேசலாம்

பாலாற்றங்கரை:

வேலூரில் வெளியே சாப்பிடுவது என்றால் பெரும்பாலும் அவசரச் சாப்பாடுதான். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மீல்ஸ் கிடைக்கும், வங்காளத்து மீன் குழம்பு கிடைக்கும், அகாலத்தில் டீ கிடைக்கும். உள்ளே யாரோ படுத்திருக்க, வெளியே காத்திருப்பவர்களின் பசிக்காக நடக்கிற கடைகள் அவை. அவர்களுக்கு அது வேண்டும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், நிதானமாக உட்கார்ந்து பேசிச் சாப்பிட ஓர் இடம் கேட்டால், பைபாஸ் ஓரத்து ஏசி ஹாலைத்தான் கைகாட்டுவார்கள்.

அதனால் வேலப்பாடியில் பல வருஷம் பூட்டிக் கிடந்த அந்தப் பெரிய வீட்டை உணவகமாக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் குடும்பத்தோடு போய்விட்டேன். இந்த இணைய மன்றத்தின் விதிப்படி கடைப் பெயர் போடவில்லை. ஊர்க்காரர்களுக்கு எந்த வீடு என்று தெரியும்.

முதலில் வீடு. இரண்டு பக்கத் திண்ணையும் அப்படியே இருக்கிறது, கம்பி போட்டு அடைக்கவில்லை. உள்ளே போனால் நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதில்தான் மேசைகள். தரை பழைய சிவப்புக் காவித் தரை. தேய்ந்த இடம் தேய்ந்தபடியே பளபளக்கிறது. கூடத்து உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கிகள் இரண்டும் இருக்கின்றன. சுவரில் விளக்கு மாடத்துக்குள் எண்ணெய்க் கறுப்பைச் சுரண்டாமல் விட்டிருக்கிறார்கள், அதை என் அம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். மே மாத வெயில் அடிக்கும் நேரம், தாழ்வாரத்தில் ஏசி இல்லை, இரண்டு ஃபேன் மட்டும். புழுக்கமே தெரியவில்லை.

அப்புறம் சாப்பாடு. சிறு உருண்டையாகக் கேழ்வரகுக் களி, கூடவே மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு. சீரகச் சம்பா மட்டன் பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய், தயிர் வெங்காயம். அப்பாவுக்கு இட்லி, மல்லாட்டை (வேர்க்கடலை) துவையல். கடைசியில் இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா ஆளுக்கொன்று. நான்கு பேருக்கு 2,640 ரூபாய் ஆனது. பரிமாறியவர்கள் நம்ம ஊர்ப் பிள்ளைகள், அவசரப்படுத்தவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தை 1989-ல் இரண்டாக்கினார்கள், அதில் வேலூரை 2019-ல் திரும்பவும் மூன்றாக்கினார்கள். தட்டில் மட்டும் வட ஆற்காடு பிரியாமல் வந்த மாதிரி இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான்: இது நம்ம ஊருக்கான இடமா, வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவதற்கான இடமா? எனக்குப் பதில் இருக்கிறது. ஆனால் முதலில் மற்றவர்கள் சொல்லிக் கேட்க ஆசை.

காட்பாடி_பாசஞ்சர்:

2,640 ரூபாய்க்கு ஆம்பூர் போய் எட்டுப் பேர் திருப்தியாக மட்டன் பிரியாணி சாப்பிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்து, மிச்சக் காசும் இருக்கும் அண்ணா. தூண் நன்றாக இருக்கிறது, முற்றம் நன்றாக இருக்கிறது, சரி. வயிற்றுக்கு என்ன போனது என்று பார்க்க வேண்டாமா? மாதச் சம்பளக்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை போகலாம். அதைப் பக்கத்துத் தெருக் கடை என்று எப்படிச் சொல்வது?

கரண்டி_மட்டம்:

எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கொத்து வேலை செய்கிற குடும்பம். இந்த வீட்டு வேலையில் எனக்குப் பங்கில்லை. ஆனால் நடந்துகொண்டிருந்தபோது அடிக்கடி போய் நின்று பார்த்தேன், எனக்குத் தெரிந்தவர்கள் அதில் வேலை செய்தார்கள். அதனால் வீட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாப்பாட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கூடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தீர்களா? அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் வரிசையாகத் தேக்குச் சட்டம். சட்டங்களுக்கு மேலே மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவிட்டமாக வரிசை பிடித்துச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாள்கணக்கில் அடிப்பார்கள். பெண்கள்தான் வரிசையாக உட்கார்ந்து அடிப்பது. கட்டை பதியாமல் எகிறித் திரும்பினால் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துத் தட்டோடு (தட்டையான ஓடு) பதிப்பார்கள். இவ்வளவு கனமும் சேர்ந்துதான் மேல்வெயிலைக் கீழே இறங்க விடாமல் தாமதப்படுத்துகிறது. பாலாற்றங்கரை சாருக்குப் புழுக்கம் தெரியாததற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி முற்றம். சூடான காற்று அந்த வழியாக மேலே போய்விடுகிறது.

இந்த வீடு ஒழுகியது நிஜம். முன்னாடி யாரோ ஒழுகலை நிறுத்துவதாக நினைத்துத் தட்டோட்டின் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது வெடிக்காமல் என்ன செய்யும்? வெடிப்பு வழியாக உள்ளே போன மழைத்தண்ணீருக்கு மேலே வரும் வழி அடைபட்டுப் போச்சு. அது சுவரோரமாக இறங்கி, உத்திரத்தின் நுனியில் தங்கியது. உத்திரம் நடுவில் உளுத்துப்போகாது ஐயா, சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் முதலில் போகும். இங்கே அந்த நுனிகளை மட்டும் அறுத்தெடுத்து, பழைய தேக்கைப் பொருத்தி, இரும்புப் பட்டை போட்டு முடுக்கினார்கள். முழு உத்திரத்தையும் கழற்றி இரும்பு கர்டர் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் விட்டதற்கே நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சுவரும் அப்படித்தான். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் மெதுவாக வெளியேறிவிடும். மேலே சிமெண்ட் பூசினால் வெளியே வர வழியில்லாமல் இன்னும் உயர ஏறும், கூடவே உப்பையும் கொண்டுபோகும். இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து மாவாய்க் கொட்டுகிற பழைய வீடுகளை நம்ம ஊரில் எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். சுவர் கெட்டுப்போச்சு, இடித்துவிடலாம் என்று சொல்வார்கள். கெட்டது பூச்சு, சுவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே சிமெண்டை முழுசாகக் கொத்தியெடுத்துவிட்டு, சுவரை ஆறவிட்டு, அப்புறம்தான் சுண்ணாம்பு பூசினார்கள். தொட்டியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பு.

இன்னொரு நல்ல காரியம், சமையற்கட்டை வீட்டுக்குள் வைக்கவில்லை. கிணற்றடிக்குப் பக்கத்தில் தனியாகப் புதுக் கட்டடம். ஓட்டல் அடுப்பின் ஆவியும் எண்ணெய்ப் புகையும் நாள் முழுக்க மரத்திலும் சுண்ணாம்பிலும் படிந்தால் எப்பேர்ப்பட்ட வீடும் கொஞ்ச வருஷத்தில் பிசுக்கேறிப் போகும். ஒயரிங்கும் சுவரைக் கொத்திப் புதைக்காமல் வெளியே பைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். பார்க்கக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் அதுதான் சரி.

பிடிக்காததும் உண்டு. கழிப்பறையை ஒட்டிய பின்கட்டுச் சுவரில் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போகட்டும், மறுபக்கம் பூச்சு பொரிய ஆரம்பிக்கும். இதை அங்கேயே சொன்னேன். சொன்னால் கேட்கிற ஆட்கள்தான், திறப்பு விழாத் தேதி நெருங்கிவிட்டதால் விட்டுவிட்டார்கள்.

பாலாற்றங்கரை:

ஐயா, இதைப் படித்த பிறகு திரும்பப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. நன்றி.

ஆம்பூர்_பக்கம்:

பிரியாணி பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே.

ஆம்பூர், வாணியம்பாடி பிரியாணி எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எப்படி ஆகிறது என்று சொல்கிறேன், அதை வைத்துப் பாருங்கள். மிளகாய்த்தூள் கிடையாது. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. அதுதான் அந்த நிறம், அந்தக் காரம். இஞ்சியும் பூண்டும் தனித்தனியாக அரைபட வேண்டும். கறி மசாலாவிலேயே வெந்து நெய் மாதிரி எண்ணெய் பிரிய வேண்டும். சீரகச் சம்பாவைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து வடித்து, கறியோடு சேர்த்து, மூடிமேல் நெருப்புக் கங்கு போட்டுத் தம். விறகடுப்பு, பெரிய தேக்ஸா (பிரியாணி அண்டா). அரிசியின் பதம் தவறிவிட்டால் யார் வந்தாலும் திருத்த முடியாது, சம்பா அவ்வளவு பொடிசு.

வேலப்பாடியில் சின்னப் பித்தளைப் பானையில் மேசைக்கு வருகிறது. பானையில் வைத்துக் கொடுக்கிறார்களே தவிர அதில் சமைப்பதில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பின்னால் தேக்ஸாவில்தான் ஆகிறது, மதியம் ஒரு தேக்ஸா, இரவு ஒன்று. மிளகாய் விழுது சரியாக இருக்கிறது. கறி நன்றாக வெந்திருந்தது. குறை என்னவென்றால் பரிமாறும் நேரம். தம் பிரித்த சூட்டோடு சாப்பிட வேண்டியதை, ஆர்டர் வரவரப் பானையில் போட்டு இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். ஒன்றரை மணிக்குப் போனால் அருமை. மூன்று மணிக்குப் போனால் அடியில் இருக்கிற சோறு குழைந்துபோய் வரும். ஆம்பூரில் கூட்டம் தொடர்ந்து இருப்பதால் தேக்ஸா சீக்கிரம் காலியாகிவிடும், இந்தச் சிக்கலே வராது.

கத்திரிக்காயைப் பற்றி மட்டும் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய். காம்பிலும் மேல்தோடிலும் முள் இருக்கும், அணைக்கட்டு வட்டத்துக் காய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. புளி, வறுத்த எள், வேர்க்கடலை அரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கச் சுண்டவைத்திருந்தார்கள். காய் முழுசாக இருக்கிறது, விரல் பட்டால் விட்டுக்கொடுக்கிறது. ஆம்பூரிலேயே இப்போது பல கடைகளில் ஏதோ ஒரு கத்திரிக்காயை வேகவைத்து மசித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தக் காயைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் பிரியாணி நேரத்தையும் சரி செய்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

காட்பாடி தம்பி, எட்டுப் பேர் கணக்கு சரிதான். ஆனால் ஆம்பூரில் உன் அம்மாவால் சாய்ந்து உட்கார்ந்து பேச முடியாது. பின்னால் அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதற்கும் சேர்த்துத்தான் இங்கே காசு.

குடியாத்தம்_அக்கா:

எனக்குக் களிதான் முக்கியம். நொய்யை முதலில் குழையவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி மூடிவைத்து, வெந்த வாசனை வந்ததும் துடுப்பால் கிண்ட வேண்டும். கட்டி தட்டக் கூடாது. தண்ணீர்க் கையால் உருட்டினால் விரலில் ஒட்டாமல் வர வேண்டும். என் அம்மா இரண்டு காலாலும் சட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டுவார். அது பலம் வேண்டிய வேலை.

போன வாரம் போனபோது முதலில் மனசு ஒப்பவில்லை. எலுமிச்சை அளவு உருண்டை மூன்று, பித்தளைத் தட்டில், பக்கத்தில் ஸ்பூன். களியைக் கடித்துச் சாப்பிடக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும், அதற்கு ஒரு கைப்பிடி உருண்டை வேண்டும். பரிமாறிய பெண்ணிடம் சொன்னேன். உள்ளே போய்ப் பெரிய உருண்டையாக ஒன்று கொண்டுவந்தாள், காசு கூடப் போடவில்லை. கூடவே சமைத்த அம்மாவும் வெளியே வந்தார். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமம். வீட்டில் செய்கிற மாதிரிதான் செய்கிறேன், சின்ன உருண்டை இவர்கள் கேட்டதால் என்றார். சமையற்கட்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படி ஊர்ப் பெண்கள்தானாம். கருவாட்டுக் குழம்பு ஏன் அப்படி இருந்தது என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது. தெருவில் நின்றால் மணக்கிற குழம்பு, யாரும் அதன் வாசனையைக் குறைக்கவில்லை. விலை கூடின இடங்களில் பெரும்பாலும் கருவாட்டை ஒளித்துவிடுவார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வெயில் காலத்தில் கூழும், அதற்குத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் வைக்கட்டும். முற்றத்து ஓரம் உட்கார்ந்து காலை பதினொரு மணிக்குக் கூழ் குடிக்க எனக்கு ஆசை.

அதே_தெரு:

நான் அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறேன். எல்லோரும் உள்ளே நடப்பதைச் சொல்கிறீர்கள், வெளியே நடப்பதையும் கேளுங்கள்.

தெரு அகலம் ஒரு காரும் ஒரு பைக்கும் ஒதுங்குகிற அளவு. திறந்த புதிதில் சனி, ஞாயிறு சாயந்திரம் எங்கள் வாசலில் கார் நிற்கும், ஓட்டி வந்தவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மாமனாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக ஆட்டோ உள்ளே வர முடியாமல் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போனோம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் சத்தம். எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய்ப் பேசினோம். சண்டை போடவில்லை, உட்கார்ந்து பேசினோம். இப்போது தெருமுனைக் காலி மனையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், காரை அங்கே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும், வாட்ச்மேன் நிற்கிறார். ஜெனரேட்டரைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இன்னும் சத்தம் இருக்கிறது, முன்பு மாதிரி இல்லை. தயவுசெய்து போகிறவர்கள் காரை அந்த மனையிலேயே விடுங்கள்.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த வீடு பூட்டிக் கிடந்தபோது தெருவில் அந்தப் பக்கமே இருட்டு. மாடியில் அரச மரம் முளைத்திருந்தது, பின்பக்கம் பாம்பு. அந்த மனையை வாங்கி அடுக்குமாடி கட்டப்போவதாக ஒரு பேச்சு இருந்தது. அது நடந்திருந்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இப்போது பகலில் கடை திறக்காத நேரத்தில் திண்ணை தெருப் பெரியவர்களுக்குத்தான். பேப்பர் படிக்கிறார்கள், பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்து கட்டுகிறார். எழுந்துபோகச் சொல்வதில்லை. எங்கள் தெருவில் மற்ற எல்லாத் திண்ணைக்கும் கிரில் போட்டாயிற்று, எங்கள் வீட்டுத் திண்ணை உட்பட.

காட்பாடி_பாசஞ்சர்:

திண்ணை விஷயம் எனக்குத் தெரியாது. நல்ல காரியம்தான். விலை மட்டும் அதிகம் என்பதில் மாற்றமில்லை.

ஏரிக்கரை_மேல்:

நானும் போனேன், சாப்பாடு எனக்கும் பிடித்தது. ஆனால் பழைய வீடு என்றதும் எல்லோரும் ஒரே மாதிரி உருகிப்போவதைப் படிக்கும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா அது மாதிரி வீடுகளுக்கு நெல் மூட்டை இறக்கியவர். முன்வாசல் வழியாகப் போனதில்லை. பின்பக்கச் சந்து வழியாகப் போய், தோட்டத்தில் நின்று, கூலியைக் கையேந்தி வாங்கிக்கொண்டு வந்தவர். திண்ணை என்பது உட்காரலாம் என்று சிலருக்கும், இதைத் தாண்டாதே என்று சிலருக்கும் இருந்தது. நடுக்கூடத்தில் நான் என் மகளோடு உட்கார்ந்து, பித்தளைத் தட்டில் களி சாப்பிட்டேன். களி எங்கள் வீட்டுச் சாப்பாடு. அந்த வீட்டில் அந்தக் காலத்தில் அதைச் சமைத்திருந்தால் கூலிக்கு வந்தவர்களுக்குத்தான் சமைத்திருப்பார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. தாத்தா இருந்திருந்தால் அந்த ஊஞ்சல் கொக்கிக்கு நேர்கீழே அவரை உட்கார வைத்திருப்பேன்.

அதனால் இடிக்க வேண்டாம், காப்பாற்றுங்கள் என்பதில் நானும் உங்களோடுதான். ஆனால் கூடத்துச் சுவரில் வீட்டுக்காரர் குடும்பத்துப் புகைப்படங்கள் பன்னிரண்டு மாட்டியிருக்கிறார்கள். தளம் அடித்த பெண்கள், சுண்ணாம்பு நீற்றியவர்கள், மூட்டை சுமந்தவர்கள், யாருடைய சுவடும் இல்லை. கரண்டி மட்டம் ஐயா இங்கே எழுதியதை ஒரு தாளில் அச்சடித்து அந்தச் சுவரில் மாட்டினாலே போதும். வீட்டின் கதை அப்போதுதான் முழுசாகும்.

கரண்டி_மட்டம்:

தம்பி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. தளம் அடித்தவர்களில் என் பாட்டியும் உண்டு, இந்த வீடு இல்லை, ஊரில் வேறு எத்தனையோ வீடு. செப்பனிட்டபோது வேலை செய்த ஆட்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து முற்றத்தில் எடுத்த படம் ஒன்று மேஸ்திரியிடம் இருக்கிறது. வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மாட்டுவார்கள் என்றே நினைக்கிறேன்.

குடியாத்தம்_அக்கா:

கட்டாயம் கொடுங்கள் அண்ணா.

வாலாஜா_தறி:

எங்கள் வாலாஜாபேட்டையிலும் ஆரணியிலும் இப்படி எத்தனை வீடு இருக்கிறது தெரியுமா? நெசவும் வியாபாரமும் செழித்த காலத்தில் கட்டியவை. வாரிசுகள் சென்னையிலும் அமெரிக்காவிலும். ஒரு கையெழுத்துக்கு ஐந்து ஊரிலிருந்து ஆள் வர வேண்டும், அதற்குள் கூரை விழுந்துவிடுகிறது. தூணும் கதவும் லாரியில் ஏறிப் பழைய சாமான் கடைகளுக்குப் போய்விடுகின்றன. வேலூர்க் கோட்டைக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. ஆற்காட்டில் கிளைவ் காலத்து முற்றுகையைக் கண்ட டெல்லி கேட் என்ற கோட்டை வாசலையும் இன்றைக்குப் போய்ப் பார்க்க முடிகிறது. தெருவில் இருக்கிற வீட்டுக்கு அப்படிக் கேட்பார் கிடையாது, சொந்தக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. மனசு மட்டும் போதாது, அந்த வீடு மாதாமாதம் சம்பாதித்தும் ஆக வேண்டும். பூட்டி வைத்த வீடு மூன்று மழைக்குத் தாங்காது. அந்த வகையில் இது பிழைக்க வழி. காரைக்குடியிலும் புதுச்சேரியிலும் செய்கிறார்கள், நம்ம பக்கம் இப்போதுதான் ஆரம்பம்.

பில்_பாருங்க:

விலை பற்றிப் பேச்சு வந்ததால் பில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனபோது ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது மத்திய அரசுக்கு 2.5, மாநிலத்துக்கு 2.5. அது முறைதான். அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் தனியாக இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் தந்த வழிகாட்டுதல்படி அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிட்டவர் விருப்பம். டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. கவுன்டரில் பொறுமையாக எடுத்துச் சொன்னதும் நீக்கிவிட்டு வேறு பில் கொடுத்தார்கள். எந்தக் கடையிலாவது நீக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

பரிமாறிய பிள்ளைகளுக்கு நாங்கள் தனியாகக் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். அவர்கள் வேலைக்கு அது தகும்.

பாலாற்றங்கரை:

என் பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன், அதில் சேவைக் கட்டணம் இல்லை. நீங்கள் கேட்ட பிறகு நிறுத்திவிட்டார்கள் போல. நல்லது.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊருக்கான இடம்தான். வீட்டைத் தூக்கி நிறுத்தியது இங்கத்திய சுண்ணாம்பு, இங்கத்திய கை. களி கிண்டுவது அணைக்கட்டுப் பெண்கள், கத்திரிக்காய் இலவம்பாடி. தெருக்காரர்கள் போய் உட்கார்ந்து பேசினால் ஜெனரேட்டரை நகர்த்துகிறார்கள். ஆனால் காட்பாடித் தம்பி சொல்கிற விலை உண்மையான தடை. நான் அடுத்த முறை போகும்போது வாரநாளில் மதியம் மட்டும் களி, குழம்பு, கத்திரிக்காய், மோர் சேர்த்து ஒரு சாப்பாடாக 150 ரூபாய்க்குள் போட முடியுமா என்று கேட்கப்போகிறேன். கூடம் வாரநாள் மதியத்தில் பாதி காலியாகத்தான் இருக்கிறது. மற்றவர்களும் போகும்போது கேளுங்கள், பத்துப் பேர் கேட்டால் செய்வார்கள்.

காட்பாடி_பாசஞ்சர்:

150 ரூபாய்க்குப் போட்டால் ஆபீசிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வாராவாரம் வருகிறேன் அண்ணா. நானும் கேட்கிறேன்.

சத்துவாச்சாரி_மாடி:

இழை முழுவதும் படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகி ஆறு மாதம் ஆகிறது, உயரமான படி ஏற மாட்டார். திண்ணை வைத்த வீடு என்றால் வாசல் படி உயரமாக இருக்குமே. கூட்டிப் போகலாமா? அவருக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர்.

அதே_தெரு:

தாராளமாகக் கூட்டி வாங்க. முன்வாசலில் நான்கு படி, உயரம்தான். ஆனால் பக்கவாட்டுச் சந்தில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலியே போகும், என் மாமனாரை அப்படித்தான் கூட்டிப் போனேன். முன்கூட்டியே போன் செய்து சொன்னால் அந்தக் கதவைத் திறந்து வைப்பார்கள். ஆட்டோவைச் சந்து வரைக்கும் கொண்டுவரலாம், காருக்குத்தான் தெருமுனை மனை. தாழ்வாரத்து நாற்காலிகள் தாழ்வு, எழுந்திருக்கச் சிரமப்படுவார். கூடத்தில் கைவைத்த உயர நாற்காலி உண்டு, அதைக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கருவாட்டுக் குழம்பு மதியம் எல்லா நாளும் இருக்கும், இரவில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்.